ஊருக்குள் வாழும் உரிமை: வாசகர் கேள்வி பதில்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள், அவர்களே முன்னின்று நடத்தும் உள்ளூர் தற்சார்பு வாழ்வு மையங்களின் வேலைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் பணிபுரியும் குழுவினர் பதிலளிக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு மாற்றுத்திறனாளிகள் சங்கம் இருக்கிறது. மூன்று சக்கர வண்டியும் உதவித்தொகையும் வாங்கித் தருகிறார்கள். இப்போது சிலர் ‘தற்சார்பு வாழ்வு மையம்’ தொடங்கலாம் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தொடங்க என்ன வேண்டும்?
– வாசகர், திண்டுக்கல்

நிர்வாகக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள், பாதி வித்தியாசம் தெரிந்துவிடும்.

இந்த மையங்களின் தாய்வீடு அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூச்சுவிட இரும்பு நுரையீரல் எந்திரம் தேவைப்பட்ட அவருக்கு மாணவர் விடுதி ஒத்துவரவில்லை. வளாக மருத்துவமனையிலேயே தங்கிப் படித்தார். பின்னால் அவரைப் போன்ற மாணவர்கள் பலர் வந்து சேர்ந்தார்கள். உதவியாளரை நாங்களே தேர்ந்தெடுப்போம், எப்போது எழுவது, எப்போது வெளியே போவது என்பதை நாங்களே முடிவு செய்வோம் என்று அவர்கள் கிளப்பிய பேச்சுதான், 1972-இல் ஊர்மக்கள் எல்லோருக்குமான மையமாக வளர்ந்தது. அமெரிக்கச் சட்டப்படி இன்று இத்தகைய மையத்தின் நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். ஒரே வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. தங்கவைக்கும் இல்லமாகவும் இருக்கக் கூடாது. தகவல் தருவது, அன்றாடத் திறன்களில் பயிற்சி, அனுபவப்பட்டவரே அனுபவப்படுபவருக்கு ஆலோசனை சொல்வது, உரிமைக்காக வாதாடுவது ஆகிய நான்கும் அடிப்படை வேலைகள். இல்லத்திலிருந்தோ பள்ளியிலிருந்தோ வெளியே வருபவர்களுக்குத் துணைநிற்பது 2014-இல் ஐந்தாவதாகச் சேர்ந்தது.

நம் நாட்டில் இதே பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 5-ஆம் பிரிவு, ஊருக்குள் மற்றவர்களோடு வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. உங்கள் மையத்துக்கு அதுவே கடைக்கால்.

தொடங்குவதற்கு ஏழு பேர் போதும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பயிற்சி, பராமரிப்பு, மறுவாழ்வு என்று இறங்கினால் 2016 சட்டத்தின் 50-ஆம் பிரிவின்படி தனிப் பதிவும் வேண்டும். அதற்கான வழியை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

துணைவிதிகள் எழுதும் நாளில்தான் முக்கியமான வேலை நடக்கிறது. செயற்குழுவில் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகள் என்பதோடு நிறுத்தாதீர்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவராவது மாற்றுத்திறனாளிகள், காசோலையில் கையெழுத்திடும் உரிமை அவர்களிடம், குழுவில் குறைந்தது மூன்று வகைக் குறைபாடு உள்ளவர்கள், பெண்கள் இத்தனை பேர் என்று எண்ணோடு எழுதுங்கள். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம்: இரண்டு ஆண்டுகளில் இடம் கொடுத்த நன்கொடையாளர் தலைவராகியிருப்பார், பெற்றோர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், யாருக்காக மையமோ அவர்கள் டீ குடித்துக்கொண்டு ஓரமாக இருப்பார்கள்.

சொந்தக் கட்டடக் கனவை ஒத்திப்போடுங்கள். பேருந்து நிறுத்தத்துக்கு அருகில், தரைத்தளத்தில், சக்கர நாற்காலி நுழையும் கழிவறையோடு ஓர் அறை கிடைத்தால் முதல் ஆண்டுக்குப் போதும். கழிவறை சரியில்லாத இடத்துக்குப் பெண்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்திலும், பக்கத்தில் உள்ள தேசிய வங்கிக் கிளையிலும் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். இரண்டுமே செங்குத்து. சக்கர நாற்காலியில் ஏறினால் பின்பக்கமாகச் சாய்கிறது. ‘கட்டித்தானே கொடுத்திருக்கிறோம்’ என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, கரூர்

முதலில் அளந்துவிடுங்கள். ‘செங்குத்தாக இருக்கிறது’ என்று எழுதும் மனுவுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்ற பதில்தான் வரும். அளவோடு எழுதினால் பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஒரு டேப், ஒரு ரசமட்டம், நேரான ஒரு கட்டை போதும். தரையிலிருந்து வாசல் தளம் வரை உயரம் எவ்வளவு, சாய்தளம் தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற இரண்டையும் எடுங்கள். 1-க்கு 12 என்பது விதி. ஓர் அங்குலம் உயர ஓர் அடி ஓட வேண்டும். வாசல் 24 அங்குலம் உயரம் என்றால் சாய்தளம் 24 அடி. பெரும்பாலான இடங்களில் ஏழெட்டு அடியில் முடித்திருப்பார்கள். காரணம் எளிது: படிக்கட்டை ஒட்டியே கட்டுகிறார்கள். ஒரு படி 6 அங்குலம் உயரம், 12 அங்குலம் அகலம் என்றால் படிக்கட்டின் சாய்வு 1-க்கு 2. அதன் நீளத்திலேயே சாய்தளத்தையும் முடித்தால், வேண்டியதைப் போல ஆறு மடங்கு செங்குத்து. கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைபடத்தில் அளவு போடாதவர் வேறு ஆள்.

‘24 அடிக்கு இடம் எங்கே?’ என்பார்கள். நேராக ஓட வேண்டிய அவசியமில்லை. சுவரை ஒட்டி ஓடி, ஐந்தடிக்கு ஐந்தடி (1500 மில்லிமீட்டர்) சமதளத்தில் திரும்பி வரலாம். நேராக ஓடினாலும் 9 மீட்டருக்கு ஒரு சமதளம் வேண்டும்.

மற்ற அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தின் அகலம் 1200 மில்லிமீட்டர். இருபுறமும் 760, 900 மில்லிமீட்டர் உயரங்களில் இரண்டு கைப்பிடிகள். மேலும் கீழும் 300 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். காலிபர் (காலைத் தாங்கும் சட்டம்) போட்டு நடப்பவர் முதல் அடி வைப்பதற்கு முன்பே பிடிமானம் தேடுவார், அதற்காகத்தான் அந்த நீட்சி. கதவின் திறந்த இடைவெளி 900. உச்சியில் சமதளம் இல்லாமல் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால், ஒரு கையால் கதவை இழுத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைப் பிடிக்க முடியாது; நாற்காலி பின்னால் உருளும். அடிவாரத்தில் இரண்டு அங்குலத் திட்டு, குறுக்கே சாக்கடை மூடி, வழவழப்பான டைல்ஸ், நிறுத்திவைத்த பைக்குகள், பூட்டிய சங்கிலி ஆகிய எல்லாவற்றையும் டேப் தெரியும்படி படம் எடுங்கள்.

இனி மனு. ஊராட்சி அலுவலகமும் வங்கியும் வேறு வேறு பாதை. ஊராட்சிக்கு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. நடக்காவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார். வங்கி, தபால் நிலையம், ரயில்வே போன்றவை மத்திய அரசு சார்ந்தவை. கிளை மேலாளருக்கு எழுதிப் பார்த்துவிட்டு, தில்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையருக்குப் போக வேண்டும். இதை மாற்றி அனுப்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறைய. ஆணையர்கள் ஆவணங்களையும் ஆட்களையும் வரவழைப்பதில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரம் உள்ளவர்கள். அவர்களுடைய பரிந்துரையை ஏற்காத அலுவலகம், காரணத்தை மூன்று மாதத்துக்குள் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

மனுவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பிரிவு 45-ஐக் குறிப்பிடுங்கள். இருக்கிற பொதுக்கட்டடங்களை எல்லாம் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது அது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022-இலேயே முடிந்தது. மீறினால் பிரிவு 89-இன்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்து 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம். ‘அதெல்லாம் வழிகாட்டுதல்தான், கட்டாயமில்லை’ என்று யாராவது சொன்னால், ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தந்த தீர்ப்பைச் சொல்லுங்கள். அணுகல்தன்மையை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த 15-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று அறிவித்து, கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்ட தீர்ப்பு அது.

மனுவோடு சேர்த்து ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போட்டுவிடுங்கள். ஊராட்சிக்கு என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘சாய்தளத்தின் மதிப்பீடு, வரைபடம், அளவைப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் புத்தகம்) நகல், பணி முடிந்ததாகச் சான்றளித்தவரின் பதவி’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஏன் இப்படிக் கட்டினீர்கள்?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அளவைப் புத்தகத்தின் நகல் கேட்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு, மனுவின் மீது கொஞ்சம் வேகம் வருவதைப் பார்க்கலாம்.

கிராம சபையையும் விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. பேசிவிட்டு வருவது போதாது; தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் கலைவதற்குள் பாருங்கள்.

என் மகனுக்கு 22 வயது. மூளை முடக்குவாதம். பேச்சு குழறும், ஆனால் எல்லாம் புரியும், பட்டப்படிப்பும் முடித்துவிட்டான். தனியாக வீடு எடுத்து, உதவியாளர் வைத்துக்கொண்டு இருக்கப்போகிறேன் என்கிறான். வங்கியில் கணக்குத் தொடங்கப் போனால் காப்பாளரை அழைத்து வரச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், வேலூர்

வங்கி விஷயம் முதலில், ஏனென்றால் அது எளிது. காப்பாளரை நியமிக்க வழிசெய்யும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் வருவதால், அந்தப் பெயரைக் கேட்டாலே காப்பாளர் சான்று வேண்டும் என்று சில கிளைகளில் நினைத்துக்கொள்கிறார்கள். தன் முடிவைத் தானே எடுக்கக்கூடிய, 18 வயது நிறைந்த உங்கள் மகனுக்குக் காப்பாளர் தேவையில்லை. 2016 சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பணத்தைத் தானே நிர்வகிக்கும் உரிமையை மற்றவர்களுக்குச் சமமாக அவருக்கும் தருகிறது. மறுப்பதாக இருந்தால் எழுத்தில் தாருங்கள் என்று அவரே கேட்கட்டும். கையெழுத்து ஒவ்வொரு முறையும் மாறினால் கைநாட்டு வைத்து இயக்கலாம். அவசரப்பட்டுக் காப்பாளர் சான்று வாங்கிவிடாதீர்கள், அம்மா. பிறகு வாடகை ஒப்பந்தம் வரை எல்லாவற்றுக்கும் உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள்.

தனி வீட்டுக்கு முன்னால் ஒரு வாரம் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். எழுவது முதல் படுப்பது வரை என்னென்ன வேலைக்கு உதவி தேவை, எத்தனை நிமிடம் என்று குறிக்கட்டும். நாள் முழுதும் ஆள் வேண்டும் என்று தோன்றுவது, குறித்துப் பார்த்தால் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்று, இரவு படுக்கும்போது ஒன்று என்று துண்டுகளாகப் பிரிவதுண்டு. அப்போது ஒரே ஆளின் தலையில் எல்லாம் விழாது.

உதவியாளரை அவரே நேர்காணல் செய்து எடுக்க வேண்டும். நேரம், சம்பளம், விடுப்பு, என்ன வேலை, என்ன வேலை இல்லை என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். ‘வரமுடியாத நாளில் யார்?’ என்ற வரி அதில் கட்டாயம் வேண்டும். இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் அங்கேதான். உதவியாளர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள் இருக்காது, அம்மா ஓடிவருவார், ‘பார்த்தாயா’ என்ற பேச்சு வரும். மாற்று ஆட்கள் இருவரின் எண் கையில் இல்லாமல் வீடு மாற வேண்டாம்.

உதவியாளர் கற்க வேண்டியவையும் உண்டு. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதலில் பிரேக் போட வேண்டும், கால்தாங்கியை விலக்க வேண்டும், அக்குளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோள் நழுவிவிடும். நீண்ட நேரம் உட்காருபவர் அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னோ பக்கவாட்டிலோ சாய்ந்து இரண்டு நிமிடம் அழுத்தத்தை மாற்ற வேண்டும். பிட்டத்திலும் குதிகாலிலும் சிவந்த இடம் இருக்கிறதா என்று இரவில் பார்க்க வேண்டும். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு படுக்கைப் புண்ணின் தொடக்கம்.

பணத்துக்கு: கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உதவியாளர் சம்பளத்துக்கு அது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதிக உதவி தேவைப்படுவோர் 2016 சட்டத்தின் பிரிவு 38-இன்கீழ் தனியாக விண்ணப்பிக்கலாம். தற்சார்பு வாழ்வு மையங்கள் கூட்டாக எழுப்ப வேண்டிய கோரிக்கைகளில் இது முதல் வரிசையில் இருக்க வேண்டும்.

பயம் பற்றி: ஒரே வீச்சில் வேண்டாம். மாதத்துக்கு இரண்டு இரவு, பிறகு ஒரு வாரம், பிறகு வீடு. இடையில் நீங்கள் தினம் ஒருமுறை மட்டும், அவர் சொன்ன நேரத்தில் பேசுங்கள்.

அனுபவ ஆலோசனை என்று ஓர் அமர்வு நடத்துகிறோம். ஆனால் அது அறிவுரைக் கூட்டமாகிவிடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

ஆலோசகர் நிறையப் பேசுகிறார் என்று பொருள். இருவர் மட்டும் உட்காருங்கள். நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்து, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க மட்டும் வேண்டும். ‘நான் இப்படிச் செய்தேன்’ என்று சொல்லலாம், ‘நீயும் அப்படிச் செய்’ என்று சொல்லக் கூடாது. கேட்டது வெளியே போகக் கூடாது. சிறு ஊரில் இதுதான் கடினம், எனவே ஒரே தெருக்காரர்களை ஜோடி சேர்க்காதீர்கள். பெற்றோர் அறைக்கு வெளியே. தற்கொலை எண்ணம் தெரிந்தால் மட்டும் ரகசியம் பொருந்தாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் கூட்டங்களுக்குக் காது கேளாதவர்களும் பார்வையற்றவர்களும் வருகிறார்கள். இரண்டு கூட்டம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். ஏன்?
– வாசகி, தூத்துக்குடி

அவர்களுக்கு எதுவும் எட்டவில்லை என்பதால். சைகை மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குப் பக்கத்தில், முகத்தில் வெளிச்சம் விழ நிற்க வேண்டும். பின்னால் சன்னல் இருந்தால் நிழலுருவம்தான் தெரியும். ஒருவரே அரைமணிக்கு மேல் செய்தால் கை தளர்ந்து பாதி விடுபடும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் கூட்டத்துக்கு இருவர் வேண்டும். ஒரே நேரத்தில் இருவர் பேசினால் மொழிபெயர்ப்பு நின்றுவிடும். வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர்களுக்கு முறையான சைகை மொழி புரியாது. அவர்களோடு பழகிய காது கேளாதவர் ஒருவர் இடையில் தேவைப்படுவார்.

பார்வையற்றவர்களுக்காக, பேசுபவர் ஒவ்வொரு முறையும் முதலில் தம் பெயரைச் சொல்ல வேண்டும். ‘இதைப் பாருங்கள், இங்கே இருக்கிறது’ என்றால் எங்கே? கைப்பேசியின் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் செயலி) யூனிகோடு தமிழை அழகாகப் படிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த சுற்றறிக்கையை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் படிக்கும். ஸ்கேன் செய்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அழைப்பிதழைச் செய்தியாகவே தட்டச்சு செய்து அனுப்புங்கள், செலவு எதுவும் இல்லை.

மையத்திலிருந்து இருபது பேர் மெரினா போக ஆசைப்படுகிறோம். கடல் வரை போக முடியுமா?
– வாசகர், செங்கல்பட்டு

விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் மரப்பாதை இருக்கிறது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 2022 நவம்பரில் திறந்தார்கள்; இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் முன்பகுதியைப் பெயர்த்துப்போட்டது, பிறகு சரிசெய்தார்கள். ஆகவே முந்தின வாரம் ஒருவர் போய்ப் பலகைகளையும் கழிவறையையும் பார்த்துவிட்டு வரட்டும். பலகை இடுக்கில் சிறிய முன்சக்கரம் மாட்டும், நேராக ஓட்டாமல் சற்றுக் குறுக்காக ஓட்டுங்கள். பாதையிலிருந்து மணலில் இறக்கினால் கனமான மின்நாற்காலி புதைந்துவிடும். மாநகரப் பேருந்தில் தாழ்தளப் பேருந்து 2024 ஆகஸ்ட் முதல் ஓடுகிறது. ஆனால் இருபது பேர் ஒரே பேருந்தில் ஏற முடியாது. சக்கர நாற்காலிக்காரர்களைப் பிரித்து அனுப்புங்கள். மாலை நான்கு மணிக்குப் போனால் வெயிலும் தணியும், கூட்டமும் சேர்ந்திருக்காது.

கடைத்தெருவில் ஒருவர் என் உடலைச் சுட்டிக்காட்டி எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார். காவல் நிலையத்தில் ‘சமாதானமாகப் போங்கள்’ என்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், திருவண்ணாமலை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 92(அ): பொது இடத்தில் வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை, அபராதம். புகாரில் தேதி, நேரம், இடம், அவர் சொன்ன சொற்கள் அப்படியே, கேட்டவர்கள் இருவரின் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். சொற்களை எழுதக் கூச்சப்பட்டு ‘தகாத வார்த்தை’ என்று விட்டுவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகும். நிலையத்தில் வாங்காவிட்டால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம், வருமானம் எதுவாக இருந்தாலும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100.

தேர்தலில் என் தாத்தாவுக்கு வாக்குச்சாவடி போக முடியவில்லை. எனக்குப் பார்வை இல்லை, துணைக்கு வருபவர் எனக்கு வேண்டிய சின்னத்தில்தான் அழுத்தினாரா என்று தெரியவில்லை.
– வாசகி, ஈரோடு

தாத்தாவுக்கு 85 வயது ஆகியிருந்தாலோ, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாட்டுச் சான்று இருந்தாலோ வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். படிவம் 12டி-யை, தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும். இந்த ஐந்து நாளைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டு, அறிவிக்கை வந்ததும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் தாருங்கள். வீட்டு வாக்கு கேட்டவர் பிறகு சாவடியில் வாக்களிக்க முடியாது.

உங்களுக்குத் துணை கட்டாயமில்லை. எந்திரத்தில் பொத்தான்களுக்கு அருகே பிரெய்ல் எண் இருக்கிறது. சாவடியில் பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி, வேட்பாளரின் வரிசை எண்ணைப் படித்துக்கொண்டு நீங்களே அழுத்தலாம். துணை வேண்டும் என்றால் 18 வயது நிறைந்த, நீங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர். அவர் அன்று வேறு யாருக்கும் துணையாகப் போகக் கூடாது, ரகசியம் காப்பதாக எழுதித் தர வேண்டும். கட்சி முகவர் ‘நான் வருகிறேன்’ என்று எழுந்தால், வேண்டாம் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் காதில் விழும்படி சொல்லுங்கள்.